டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகங்கள் ஏன் முறை வைத்து வருகின்றன?

எங்கள் மேசையில் அதிகம் தேய்ந்துபோனது ஒரு ஸ்பைரல் பைண்டிங் நோட்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, அதை வெளியிடும் கம்பெனியான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2014-இல் இணையத்தில் இலவசமாகவே கொடுத்தது. அதை ஈரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டோம். அட்டை முழுக்க டீக்கறை. சண்டை விதிகள் வரும் பக்கங்களில் மட்டும் ஓட்டைகள் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் பக்கத்திலேயே புதுசு கலையாமல் இருக்கின்றன.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஜிஎம் என்று ஒருவர் கதையை நடத்த, இருபது முகப் பகடையை உருட்டி என்ன ஆச்சு என்று தீர்மானித்து, பேசிப் பேசியே ஆடுவது. விதிப் புத்தகமும் பகடையும் இருந்தால் பத்து வருஷம் ஆடலாம், வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. கம்பெனிக்குச் சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

கணக்கை எங்கள் மேசையிலேயே போட்டுப் பார்க்கலாம். நாங்கள் ஐந்து பேர். பாத்திரம் உருவாக்கும் புத்தகத்தை ஐந்து பேரும் வாங்க வாய்ப்பு உண்டு. மிருகங்கள் புத்தகத்தை ஜிஎம் மட்டும்தான் வாங்குவார். சாகசக் கதைப் புத்தகமும் அப்படித்தான், மற்றவர்கள் படித்தால் கதை கெட்டுப்போகும். அந்த ஒரு கதையை இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம் என்று ஆடி முடிக்க எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுத்தாளர், ஓவியர், அச்சு என்று செலவு இரண்டு புத்தகத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, வாங்கும் கை மட்டும் ஐந்திலிருந்து ஒன்றாகிவிடுகிறது. விற்பனை போதவில்லையே என்று கம்பெனி இன்னும் வேகமாகப் புத்தகம் போட்டால், வாங்கியதையே ஆடி முடிக்காத ஜிஎம் அடுத்ததை எடுக்க மாட்டார்.

எங்கள் அப்பாரு தோட்டம் சிவகிரிப் பக்கம், கீழ்பவானிப் பாசனம். அந்த ஆயக்கட்டு மொத்தம் 2,07,000 ஏக்கர், ஆனால் ஒரே சமயத்தில் எல்லோருக்கும் விடுவதில்லை. ஒரு போகத்தில் பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, மதகுகளை ஒற்றைப்படை இரட்டைப்படை என்று பிரித்துத் திறப்பார்கள். புன்செய் முறையில் அதையும் விட்டு விட்டு, நனைப்புக் கணக்கில்தான் விடுவார்கள். அணையில் தண்ணீர் அளவோடு இருப்பது ஒரு காரணம், நிலம் ஒரு தடவையில் குடிப்பதற்கும் ஒரு அளவு இருப்பது இன்னொரு காரணம். அதற்கு மேல் விட்டால் வடிகாலில்தான் போய்ச் சேரும். மேசைக்கும் அப்படி ஒரு அளவு உண்டு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஆரம்பத்தில் இந்த வேகம் தானாகவே அமைந்துவிட்டது. 1974-இல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டிக்குள் 1,000 பிரதி வந்தது. அதன் பெரிய பதிப்பின் மூன்று புத்தகங்கள் 1977, 1978, 1979 என்று வருஷத்துக்கு ஒன்றாக வந்தன. ஒன்றை மேசைகள் முழுசாக ஜீரணித்த பிறகு அடுத்தது.

அப்போது இந்த விளையாட்டை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் கம்பெனி நிலைகுலைந்தது 1990-களில். 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்ததும், தனித்தனி உலகங்களாக வெளியிட ஆரம்பித்தார்கள். பேய்க்கதை உலகம், பாலைவன உலகம், அரபுக் கதை உலகம், விண்வெளியில் கப்பல் ஓட்டும் உலகம், ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் புத்தகங்கள். நான் இவற்றில் சிலதைப் படித்திருக்கிறேன், உண்மையிலேயே அருமையான கற்பனை, குறை எழுத்தில் இல்லை. ஆனால் பாலைவன உலகத்தில் ஆடும் மேசைக்குப் பேய் உலகப் புத்தகம் தேவைப்படாது. ஒரே கிணற்றில் எட்டு மோட்டார் இறக்கிய மாதிரி, கம்பெனியின் ஒரு புத்தகம் இன்னொன்றின் வாடிக்கையாளரைப் பிடுங்கிக்கொண்டது. இதற்கு மேல் புத்தகச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு, விற்காததைக் கடைகள் திருப்பி அனுப்பலாம். டிஎஸ்ஆர் தன் சரக்கை ரேண்டம் ஹவுஸ் வழியாகப் புத்தகக் கடைகளுக்கு அனுப்பியது, அனுப்பியதுமே முன்பணம் வந்துவிடும். பணம் வேண்டுமா, இன்னொரு புத்தகம் அனுப்பு என்ற நிலைமை. விற்காதது மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தபோது அந்த முன்பணமெல்லாம் கடனாகிப்போனது. 1997-இல் கம்பெனியை விஸார்ட்ஸ் வாங்கியது.

விஸார்ட்ஸும் அந்தப் பாடத்தை உடனே பிடித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தது, மூன்றே வருஷத்தில் திருத்திய பதிப்பு, 2008-இல் நான்காம் பதிப்பு. நடுவில் புத்தகங்கள் குவிந்தன.

ஐந்தாம் பதிப்பில்தான் மதகை அளந்து திறந்தார்கள். 2012-லேயே வரைவு விதிகளைப் பொதுவில் விட்டு, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். 2014 ஜூலையில் தொடக்கப் பெட்டி, ஆகஸ்டில் ஆட்டக்காரர் புத்தகம், செப்டம்பரில் மிருகங்கள், டிசம்பரில் ஜிஎம் புத்தகம். அதற்குப் பிறகு முதல் சில வருஷங்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்றுதான், அதிலும் பெரும்பாலும் சாகசக் கதைகள். விதிகளை விரிவாக்கும் பெரிய புத்தகம் 2017 நவம்பரில்தான் வந்தது, அதுவும் உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை முன்கூட்டியே இலவசமாக வெளியிட்டுக் கருத்துக் கேட்டபிறகு.

இந்த நிதானத்துக்கு ஒரு சுத்தமான கணிதக் காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு விதிப் புத்தகமும் மற்ற எல்லாப் புத்தகத்தோடும் ஒத்துப்போக வேண்டும். மூன்று புத்தகம் என்றால் சோதிக்க வேண்டிய ஜோடி மூன்று, பத்து என்றால் 45, முப்பது என்றால் 435. இதற்குள் ஒரு மந்திரமும் இன்னொரு ஆயுதமும் சேர்ந்து ஆட்டத்தையே உடைக்கும் சேர்க்கை எங்கோ ஒளிந்திருக்கும், அதைக் கம்பெனிக்கு முன்னால் ஏதாவது ஒரு கல்லூரிப் பையன் கண்டுபிடித்துவிடுவான். விஸார்ட்ஸின் பொது ஆட்டங்களில் ரொம்ப நாள் ஒரு விதி இருந்தது, பாத்திரத்தை உருவாக்க ஆட்டக்காரர் புத்தகத்தோடு இன்னும் ஒரே ஒரு புத்தகம்தான் சேர்க்கலாம். எனக்குப் பிடித்த விதி. 435-ஐப் பார்த்துப் பயந்தவர்கள் எழுதியது என்பது தெரியும்.

சரி, மெதுவாக விட்டால் நடுவில் மேசை காய்ந்துபோகாதா? அங்கேதான் நனைப்பு. பிழைதிருத்தப் பட்டியல், இலவச மாதிரி விதிகள், இணையத்தில் வரும் குட்டிச் சாகசங்கள், கடைகளில் நடக்கும் பொது ஆட்டம் எல்லாம் சேர்ந்துதான் ஆதரவு என்பது. ஒரு விளையாட்டை உயிரோடு வைத்திருப்பதில் புதிய புத்தகத்தைவிட இவை பெரியவை என்று நான் நம்புகிறேன்.

எல்லோரும் மெதுவாகத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பைஸோ என்ற இன்னொரு கம்பெனி 2007-இலிருந்து மாசம் ஒரு சாகச இதழ் போட்டது, ஒவ்வொன்றும் 96 பக்கம், நம்மூர் அச்சகக் கணக்கில் ஆறு ஃபாரம். ஆறு இதழ் சேர்ந்தால் ஒரு முழுக் கதை. எந்த மேசையாலும் அந்த வேகத்தில் ஆட முடியாது. ஆனால் சந்தா கட்டியவர்கள் அதைத் தொடர்கதை படிப்பதுபோல் படித்தார்கள், எத்தனை பிரதி நிச்சயம் போகும் என்று கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. தங்கள் விளையாட்டின் விதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கவும் விட்டார்கள். கேயாஸியம் கம்பெனியின் கால் ஆஃப் கதுல்ஹு விளையாட்டு இன்னொரு வழி: 1981-இல் வந்தது, ஏழு பதிப்பு கண்டது, ஆனாலும் பழைய கதைகளைச் சின்ன மாற்றத்தோடு இன்றும் ஆடலாம், அதனால் பழைய சரக்கு வீணாவதில்லை. அப்புறம் கிக்ஸ்டார்ட்டர், இணையத்தில் ஆட்களிடம் முன்பணம் திரட்டும் தளம். அவதார் லெஜெண்ட்ஸ் என்ற விளையாட்டு அங்கே 2021-இல் 81 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 95 லட்சம் டாலருக்கு மேல் முன்கூட்டியே வாங்கிவிட்டுத்தான் அச்சுக்குப் போனது.

கடைமடையில் இருப்பவனாகச் சொல்கிறேன், ஈரோட்டில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் என்பது டாலர் விலையும் கப்பல் செலவும் சேர்ந்த ஒன்று. நான்கு வந்தால் ஒன்றுதான் வாங்க முடியும். வருஷத்துக்கு இரண்டு என்றால் பாதியாவது எட்டுகிறது. எங்கள் குழுவிலேயே இளையவர் ஒருமுறை கேட்டார், "ஏனுங்ணா, புதுசா இன்னொரு புக்கு வந்துருக்குதாமா, எல்லாருமாச் சேர்ந்து வாங்கிறலாமுங்களா?" ஜிஎம் அண்ணன் ஸ்பைரல் நோட்டைத் தட்டிக் காட்டினார். "மொதல்ல இந்தக் குகையை விட்டு வெளிய வருவோங் கண்ணு."

2024-இல் விதிகள் திருத்தி வந்தபோது கம்பெனி ஜாக்கிரதையாகவே இருந்தது. புதுப்பதிப்பு வருகிறது என்று சொன்ன நிமிஷமே பழையதின் விற்பனை படுத்துவிடும், அதனால் 2021-லேயே, வரப்போவது பழைய கதைகளோடு ஒத்துப்போகும் என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பர், நவம்பர், பிறகு 2025 பிப்ரவரி என்று மூன்று புத்தகமும் இடைவெளி விட்டே வந்தன. நாங்கள் கதையின் நடுவில் இருந்தோம், இருந்தாலும் மாறிப் பார்த்தோம். எங்கள் பூசாரி பாத்திரத்தின் காயம் ஆற்றும் மந்திரம் முன்பு ஒரு எட்டு முகப் பகடை, இப்போது இரண்டு. முதல் நாள் அவர் பழைய பழக்கத்தில் ஒன்றை மட்டும் உருட்டி மூன்று போட்டார். இன்னொன்றையும் உருட்டுங்க என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். எட்டு விழுந்தது.