விதி எழுதுவது எளிது, மரத்தில் நடப்பதுதான் கஷ்டம்

நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரே பங்க்ஷன் அழைப்பை மாற்ற வேண்டிய வேலை வந்தால், பெரும்பாலான அணிகளில் முதலில் கை போவது ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸுக்குத்தான். கொஞ்சம் கவனமானவர்கள், தேட வேண்டிய எழுத்து வடிவத்தை விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுவார்கள். அழைப்பு மூன்று வரிகளுக்கு நீண்டிருந்தால் அது பெரும்பாலும் பிடிக்காது. பிடிக்கக் கூடாததை, அதாவது மேற்கோள் குறிக்குள் இருக்கும் அதே சொல்லையும் கமெண்டில் இருப்பதையும், சேர்த்துப் பிடித்துவிடும். சில முறை சூடு பட்ட பிறகு யாராவது ஒருவர் "தொடரியல் மரத்தில் செய்யலாமே" என்பார், அதாவது கோடின் அமைப்பைக் கிளை கிளையாகப் பிரித்து வைக்கும் மரத்தில். நல்ல யோசனைதான். ஆனால் மரத்துக்கு வந்துவிட்டாலே ஆபத்து தீர்ந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. உரையில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியும், பல நேரம் கம்பைலரே கத்திவிடும். மரத்தில் நடக்கும் தவறு ஒழுங்காக கம்பைல் ஆகி, ஒழுங்காகத் தவறான விடை தரும்.

நிறுவனங்களுக்குள் பயன்படும் சிறு மொழிகளைக் கட்டுவதும், பழைய கோடைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் கருவிகளை எழுதுவதும் என் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நேராக நிறுவனத்தின் கோடில் கைவைக்காமல், மொழி உருவாக்கத்துக்கென்றே அமைந்த ஒரு சூழலில் கொஞ்ச காலம் பழகச் சொல்வேன். நான் கைகாட்டுவது ஸ்பூஃபாக்ஸ். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், 2022-ல் மறைந்த ஏல்கோ விஸ்ஸரின் குழு உருவாக்கியது. எக்ளிப்ஸ் என்ற கோட் எழுதும் மென்பொருளின் மேல் இயங்கும். இலக்கணத்தை எஸ்டிஎஃப்3 என்ற மொழியில் எழுதினால் உரையை மரமாக்கும் பார்சரும் எடிட்டரும் தானாக வந்துவிடும். மரத்தை மாற்றுவதை ஸ்ட்ராடிகோ என்ற மொழியில் எழுத வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்திலிருந்து வந்த ராஸ்கல், ஜெட்பிரெயின்ஸ் தரும் எம்பிஎஸ் என்று வேறு சூழல்களும் இருக்கின்றன. எம்பிஎஸ்-ல் நீங்கள் தொகுப்பதே உரையை அல்ல, மரத்தை. அது தனி உலகம், இங்கே வேண்டாம்.

ஸ்ட்ராடிகோவை நான் விரும்புவதற்கு ஒரே காரணம்தான். மற்ற கருவிகள் கலந்து மறைத்துவிடும் இரண்டு விஷயங்களை அது பிரித்து வைக்கிறது. எந்த வடிவத்தைக் கண்டால் எப்படி மாற்ற வேண்டும் என்பது விதி. அந்த விதியை மரத்தில் எங்கே, எந்த வரிசையில், எத்தனை தடவை போட வேண்டும் என்பது உத்தி. விதி எழுதுவது பத்து நிமிட வேலை. பிழைகளில் பெரும்பகுதி வருவது உத்தியிலிருந்து.

எளிய உதாரணம். 1 + 2 + 3 என்பது மரத்தில் கூட்டல்(கூட்டல்(1, 2), 3) என்று நிற்கும். இரண்டு பக்கமும் எண்ணாக இருக்கும் கூட்டலை அதன் விடையாக மாற்று என்று ஒரு விதி எழுதுகிறீர்கள். அதை மேலிருந்து கீழாக, டாப்-டவுனாக ஓட்டினால் என்ன ஆகும்? உச்சியில் இருக்கும் கூட்டலின் இடப்பக்கம் எண் அல்ல, இன்னொரு கூட்டல். விதி பொருந்தாது. கீழே இறங்கினால் கூட்டல்(1, 2) பொருந்தி 3 ஆகிறது. ஆனால் உச்சியைத் தாண்டி வந்தாயிற்று, திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கையில் மிஞ்சுவது கூட்டல்(3, 3). அதே விதியைக் கீழிருந்து மேலாக, பாட்டம்-அப்பாக ஓட்டினால் 6 வரும். விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அப்படியானால் எப்போதும் பாட்டம்-அப் என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் ஆகாது. "அ > ஆ" என்பதையெல்லாம் "ஆ < அ" என்று ஒரே குறிக்குள் கொண்டுவர ஒரு விதி, "இல்லை(அ > ஆ)" என்பதை "அ <= ஆ" ஆக்க இன்னொரு விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து போனால் உள்ளே இருக்கும் > முதலில் < ஆகிவிடும். மேலே வரும்போது இரண்டாவது விதி தேடும் வடிவமே மரத்தில் இருக்காது. வெளியே உள்ளது உள்ளே உள்ளதன் பழைய முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மேலிருந்துதான் போக வேண்டும். (தசம எண்களில் "எண் அல்ல" என்ற மதிப்பு வந்தால் அந்த இரண்டாவது விதியே பொய்யாகிவிடும் என்பது வேறு கதை.)

டாப்-டவுனில் இன்னொரு குழி இருக்கிறது, நிஜ வேலையில் அடிக்கடி பார்ப்பது. ஒவ்வொரு பங்க்ஷன் அழைப்பையும், நடந்ததைப் பதிவு செய்யும் ஒரு லாக் அழைப்புக்குள் சுற்றச் சொல்கிறார்கள். விதி எளிது: அழைப்பைக் கண்டால், அதை உள்ளே வைத்த லாக் அழைப்பாக மாற்று. மேலிருந்து ஓட்டினால், சுற்றிய பிறகு அதே கணுவின் (மரத்தின் ஒரு முடிச்சின்) குழந்தைகளுக்கு, அதாவது அதன் கீழ் இருப்பவற்றுக்கு, இறங்கும். அங்கே சற்று முன் நாமே உள்ளே வைத்த அழைப்பு காத்திருக்கிறது. அதையும் சுற்றும், மறுபடி இறங்கும், மறுபடி சுற்றும். மெமரி தீரும் வரை நிற்காது. பாட்டம்-அப்பில் குழந்தைகளை முடித்துவிட்டுத்தான் பெற்றோரைத் தொடுவதால் ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் சுற்றப்படும். ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் இதை பேபல் என்ற கோட் மாற்றும் கருவியில் சந்தித்திருப்பார்கள். மாற்றி வைத்த கணுவை பேபல் மீண்டும் பார்வையிட வரிசையில் சேர்க்கும், அதனால் ஸ்கிப் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அங்கே இது ஏதோ கருவியின் கோளாறு மாதிரி தெரியும். ஸ்ட்ராடிகோவில் இரண்டு உத்திகளின் வரையறையும் ஆளுக்கு ஒரு வரி: முதலில் விதி, பிறகு குழந்தைகள், அல்லது முதலில் குழந்தைகள், பிறகு விதி. அந்த இரண்டு வரிகளைப் பார்த்தவருக்கு பேபல் செய்வது புதிராக இருக்காது.

இன்னர்மோஸ்ட் என்று ஓர் உத்தி உண்டு. எந்த விதியும் எங்கும் பொருந்தாத நிலை வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்கும். சோம்பேறிகளின் சொர்க்கம். எனக்கும் பிடிக்கும். ஆனால் "அ + ஆ" என்பதை "ஆ + அ" ஆக்கும் விதி ஒன்று உள்ளே இருந்தால் அது ஒருநாளும் நிற்காது, ஏனென்றால் மாற்றியதும் மறுபடி பொருந்தும். தருக்கக் கோவைகளில் "மற்றும்" என்பதை "அல்லது" என்பதற்குள் பரப்பும் விதியும், அதன் எதிர்த்திசை விதியும் தனித்தனியே சரிதான். இரண்டையும் ஒரே இன்னர்மோஸ்டில் போட்டால் ஊஞ்சல் ஆடும். ஒரு திசையை மட்டும் வைத்தாலும் நிம்மதி கிடையாது. "இது அல்லது அது" என்ற அடைப்புகள் 20-ஐ "மற்றும்" போட்டு இணைத்த கோவையைப் பரப்பினால் 10,48,576 உறுப்புகள் வரும். நிரல் நிற்கும், அதற்குள் நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.

பொருந்தாதபோது என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்ட்ராடிகோவில் பொருந்தாத விதி தோற்கும், தோல்வி மேலே பரவும். ட்ரை என்று, அதாவது பொருந்தாவிட்டால் அப்படியே விடு என்று, சுற்றாமல் விட்டால் மாற்றம் முழுவதுமே தோற்றுவிடும். மேலே சொன்ன உதாரணங்களில் அப்படிச் சுற்றியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் சத்தம் போட்டுத் தோற்பது நல்லது. பைத்தானின் ஏஎஸ்டி (தொடரியல் மரம்) மாட்யூலில் மரத்தை மாற்ற உதவும் நோட் டிரான்ஸ்ஃபார்மர் இதற்கு நேர்மாறு, மௌனசாமி. ஒவ்வொரு வகைக் கணுவுக்கும் அதன் பெயரில் ஒரு மெத்தட் எழுத வேண்டும். மெத்தட் பெயரில் ஒரு பெரிய எழுத்து சிறியதானாலும் அது அழைக்கப்படவே படாது, பிழையும் வராது. உள்ளே இறங்கச் சொல்லும் ஜெனரிக் விசிட் அழைப்பை மறந்தால் வெளிக்கணு மட்டும் மாறும், உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் விட மோசமானது ரிட்டர்ன் எழுத மறப்பது. எதுவும் திருப்பித் தராவிட்டால் அந்தக் கணுவை நீக்கு என்று அர்த்தம். ஒரு வரிக் கூற்றுக்கு இது நடந்தால் அந்தக் கூற்று மரத்திலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் வடிவம் சார்ந்தது. அடுத்தது பொருள் சார்ந்தது. என் அனுபவத்தில் மூத்தவர்களும் தடுக்குவது இங்கேதான்.

ஃபார் லூப்பை வைல் லூப்பாக மாற்றுவது எல்லாப் பயிற்சியிலும் வரும். தொடக்கத்தை முன்னால் எடுத்து, நிபந்தனையை வைலுக்குக் கொடுத்து, எண்ணியைக் கூட்டும் பகுதியை உடலின் கடைசியில் ஒட்டு. பத்துச் சோதனைகள் எழுதினால் பத்தும் தேறும். பதினொன்றாவதில் உடலுக்குள் ஒரு கன்டின்யூ, அதாவது மீதியை விட்டு அடுத்த சுற்றுக்குப் போ என்ற கூற்று, இருக்கும். ஃபார் லூப்பில் கன்டின்யூ வந்தால் எண்ணி கூடிவிட்டுத்தான் அடுத்த சுற்று. நாம் மாற்றிய வைலில் அது கடைசி வரியைத் தாண்டிக் குதித்துவிடும், எண்ணி கூடாது, லூப் முடியாது. சரி, கன்டின்யூவுக்கு முன்னாலும் கூட்டும் பகுதியை ஒட்டலாம். ஆனால் எந்தக் கன்டின்யூ? உடலுக்குள் இன்னொரு லூப் இருந்தால் அதற்குள் இருக்கும் கன்டின்யூ அந்த லூப்புக்குச் சொந்தம், அதைத் தொடக் கூடாது. ஆகவே தேடும்போது உள் லூப்பின் வாசலில் நின்றுவிட வேண்டும். மறுபடியும் உத்திதான். ஜாவா மாதிரி லேபிள் போட்ட கன்டின்யூ இருக்கும் மொழியில் அந்த வாசலிலும் நிற்க முடியாது, உள் லூப்பில் இருந்தபடியே அது வெளி லூப்பைப் பெயர் சொல்லிக் குறிக்கலாம்.

அடுத்தது பெயர். "அ அல்லது ஆ" என்பதை நிபந்தனைக் கூற்றாக விரிக்கும்போது அ-வை இரண்டு முறை கணக்கிடக் கூடாது என்பதால் "த" என்ற தற்காலிக வேரியபிளில் வைக்கிறோம். ஆ-வுக்குள் பயனர் ஏற்கெனவே "த" என்ற வேரியபிளைப் பயன்படுத்தியிருந்தால்? அவருடைய "த" போய் நம்முடைய "த" அங்கே உட்கார்ந்துவிடும். ஸ்கீம் மொழிக்காரர்கள், கோடை விரித்து எழுதித் தரும் மேக்ரோக்களில் இதை 1986-லேயே ஆராய்ந்து ஹைஜீன் என்று பெயர் வைத்துத் தீர்வும் சொன்னார்கள். ஸ்கீமின் வழிவந்த ராக்கெட் மொழியின் மேக்ரோக்களில் இன்று அது இயல்பாகவே இருக்கிறது. ஸ்ட்ராடிகோவில் ஒவ்வொரு முறையும் புதிய பெயரை உருவாக்கித் தரும் வசதி உண்டு, ஆனால் அதைக் கூப்பிட வேண்டியது நீங்கள்தான். பெயருக்குப் பின்னால் கீழ்க்கோடு இரண்டு போட்டால் யாரும் வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடும் கருவிகள் நிறைய இருக்கின்றன. யாராவது வைப்பார்கள்.

"எதை 0-ஆல் பெருக்கினாலும் 0" என்ற விதியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பெருக்கப்படுவது தரவுத்தளத்தில் எழுதும் ஒரு பங்க்ஷன் அழைப்பு என்றால், கணக்கைச் சுருக்குகிறேன் என்று தரவுத்தளத்தில் எழுதும் வேலையையே அழித்துவிட்டீர்கள். தசம எண்களில் முடிவிலியை 0-ஆல் பெருக்கினால் 0 வருவதும் இல்லை. பள்ளிக் கணிதத்தில் உண்மையானது எல்லாம் நிரலில் உண்மை அல்ல.

மாற்றிய மரத்தை மறுபடி உரையாக்க வேண்டுமே, அதிலும் கவனம் தேவை. மரத்தில் அடைப்புக்குறிகள் கிடையாது. பெருக்கல்(கூட்டல்(2, 3), 4) என்பதை யோசிக்காமல் அச்சிட்டால் 2 + 3 × 4 என்று வரும், 20 போய் 14 ஆகும். ஸ்பூஃபாக்ஸில் இலக்கணத்தில் கொடுத்த முன்னுரிமைகளை வைத்து அடைப்புக்குறிகளைத் திரும்பப் போட முடியும். பைத்தானில் 3.9 முதல் இருக்கும், மரத்தை உரையாக்கும் அன்பார்ஸும் அடைப்புக்குறிகளைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் கமெண்டுகள் போய்விடும், ஏனென்றால் அவை அந்த மரத்திலேயே இல்லை. கம்பைலருக்குக் கொடுப்பதாக இருந்தால் பரவாயில்லை. மனிதர்கள் தொடர்ந்து படித்துத் திருத்தப்போகும் கோட் என்றால் இடைவெளியையும் கமெண்டையும் தாங்கும் மரம் வேண்டும், இன்ஸ்டாகிராமிலிருந்து வந்த லிப்சிஎஸ்டி என்ற பைத்தான் நூலகம் தருவது மாதிரி. முன்பு இதற்குப் பயன்பட்ட லிப்2டு3 பைத்தான் 3.13-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் பழைய பார்சரால் 3.10-ல் வந்த மேட்ச் கூற்றைப் போன்ற புதிய இலக்கணத்தைப் பின்தொடர முடியவில்லை. இன்னும் அதன் மேல் கருவி வைத்திருக்கும் அணிகள் மாறுவதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பழகத் தொடங்குபவர்கள் கால்குலேட்டர் அளவுக்கு ஒரு மொழியை எடுத்துக்கொண்டால் போதும். ஸ்பூஃபாக்ஸில் எந்தக் கோப்புக்கும் மரத்தைக் காட்டச் சொல்லி மெனுவிலிருந்தே பார்க்கலாம். நிறுவ நேரமில்லை என்றால் பிரவுசரில் ஏஎஸ்டி எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளத்தைத் திறந்து, இடப்பக்கம் இரண்டு வரி எழுதி, வலப்பக்கம் மரம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உத்தி என்ன செய்யும் என்பதைத் தாளில் எழுதிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். ஸ்பூஃபாக்ஸின் எஸ்பிடி என்ற சோதனை மொழியில், இந்த உரையை மாற்றினால் அந்த உரை வர வேண்டும் என்று நேரடியாக எழுதலாம். மாறக் கூடாதவற்றுக்கும் அதே அளவு சோதனை எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் அதை எழுதுவதில்லை.

வேலையில் ஒரு மாற்றத்தை வெளியிடும் முன் நான் எப்போதும் கேட்பது ஒன்று: இதன் வெளியீட்டின் மேலேயே இதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தீர்களா? எண் சுருக்கும் மாற்றம் என்றால் இரண்டாவது ஓட்டத்தில் எதுவும் மாறக் கூடாது. மாறினால் முதல் ஓட்டத்தில் ஏதோ ஒரு கணுவைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். லாக் சுற்றும் மாற்றம் என்றால், ஏற்கெனவே சுற்றியதை அடையாளம் காணும் நிபந்தனை விதிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பில்டில் அந்தப் படி தற்செயலாக இரண்டு முறை ஓடும் அன்று, ஒவ்வொரு அழைப்பும் லாக் ஆவதோடு அந்த லாகும் லாக் ஆகும்.