ஒரு மக் தண்ணீரில் சைக்கிள்: செயினுக்குள் நடப்பது என்ன?

சைக்கிள் செயினைத் தொட்டால் விரலில் கருப்பாக மை ஒட்டும். அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: பழைய எண்ணெய், சாலைப் புழுதி, செயினிலிருந்தே தேய்ந்து உதிர்ந்த எஃகுப் பொடி. மூன்றாவதுதான் கவலைக்குரியது.

ஒரு செயினில் சுமார் 110 கண்ணிகள் இருக்கும். ஒவ்வொரு கண்ணியின் நீளமும் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். இரண்டு கண்ணிகள் சேரும் இடத்தில் ஒரு பின் (குட்டி எஃகு அச்சு), அதைச் சுற்றி உருளை. பல்சக்கரத்தைச் சுற்றி வளையும்போதெல்லாம் பின் தன் துளைக்குள் சற்றே திரும்புகிறது. அந்த இடுக்கில் சுத்தமான எண்ணெய் இருந்தால் வழுக்கும். மணல் புகுந்தால் அரைக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. பெரும்பாலான எஃகு அதற்குக் கீழேதான். எண்ணெயோடு மணல் கலந்த குழம்பு உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றும் பசையைப் போலவே வேலை செய்யும்.

“செயின் இழுத்துடுச்சு” என்பார் கடைக்காரர். உண்மையில் எஃகு நீள்வதில்லை. பின் மெலிகிறது, துளை அகலுகிறது. ஒரு மூட்டுக்கு 0.06 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். இரும்பு ஸ்கேல் வைத்து 24 கண்ணிகளை, பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடுவுக்கு அளந்து பாருங்கள். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.3 ஆகிவிட்டால் கியர் சைக்கிளின் மெல்லிய செயினை மாற்றிவிட வேண்டும். 307.8 வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். செலவு பல மடங்கு.

ஆகவே செயினுக்கு உள்ளே எண்ணெய் இருக்க வேண்டும், வெளியே தொட்டால் காய்ந்திருக்க வேண்டும். சுத்தம் செய்யும் வேலை முழுவதும் இதற்காகத்தான். இதற்கு ஹோஸ் குழாய் தேவையே இல்லை. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீர் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலும் பெடல் அச்சிலும் புகுந்து, பால்ரஸைச் சுற்றியுள்ள கிரீஸை வெளியேற்றிவிடும். பளபளவென்று வரும் வண்டி சீக்கிரமே கரகரக்கும். பால்கனியில் ஒரு மக் தண்ணீரும் பனியன் துணியும் வைத்துச் செய்வதுதான் வண்டிக்கு நல்லது.

தரையில் பழைய சாக்கு, அதன் மேல் நாலைந்து தாள் செய்தித்தாள். டிஸ்க் பிரேக் வண்டியானால் முதலில் டிஸ்க்கின் மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டிவிடுங்கள். ஒரு துளி எண்ணெய் தெறித்தாலும் பிரேக் பேட் அதை உறிஞ்சிக்கொண்டு கிறீச்சிடும். பெரும்பாலும் பேடை மாற்றுவதுதான் வழி.

வரிசை முக்கியம். முதலில் தண்ணீர் விட்டால் புழுதி சேறாகி இடுக்கில் அப்பிக்கொள்ளும். எண்ணெயை எண்ணெய் இனம்தான் கரைக்கும். எனவே முதலில் மண்ணெண்ணெய்: பழைய டூத் பிரஷை நனைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி செயினின் நான்கு பக்கமும் தேய்க்க வேண்டும். செயினைக் கழற்ற முடிந்தால், அகன்ற வாய் பாட்டிலில் 200 மி.லி. மண்ணெண்ணெயோடு போட்டு மூடி இரண்டு நிமிடம் குலுக்கலாம். கியர் இல்லாத வண்டியில் செயினைப் பூட்டும் கிளிப்பைத் திரும்ப மாட்டும்போது, அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாறிப் போனால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும். சென்னையின் மே மாத வெயில் அதைத் தாண்டும். சமையலறைப் பக்கமும் மூடிய குளியலறையிலும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் கடுங்குளிரிலும் பற்றும். அதைத் தொடவே கூடாது.

அடுத்து, அரை மக் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய்ப் படலம் சிறு உருண்டைகளாகப் பிரிந்து தண்ணீரோடு வந்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். ஈரம் தங்கிய பின்னுக்குள் எண்ணெய் சரியாக இறங்காது. துருவும் அங்கேதான் தொடங்கும்.

செயின் காயும் நேரத்தில், பிழிந்த துணியால் ஃபிரேமை மேலிருந்து கீழாகத் துடைத்துவிடலாம். கடற்கரை ஊர்களில் இதை வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும், வண்டி பார்க்கச் சுத்தமாக இருந்தாலும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், கடற்காற்றில் வந்து படிந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். சென்னையின் கடலோரப் பெசன்ட் நகர்ப் பால்கனியில் நிற்கும் வண்டியின் ஸ்போக் கம்பியில் மழை இல்லாமலே துரு ஏறுவது இதனால்தான். உலர்ந்த துணி உப்பைத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். ஈரத் துணிதான் கரைத்து எடுக்கும்.

கடைசியில் எண்ணெய். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி, மொத்தம் ஒரு தேக்கரண்டி அளவு. சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் சிறந்தது. தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, நன்றாக உள்ளே இறங்கும். மழையில் சீக்கிரம் கழுவப்பட்டும் போகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். இரண்டும் அடுப்படிக்கே இருக்கட்டும். கிரீஸை வெளியே பூசினால் அது பின்னுக்குள் போகாமல் புழுதியை மட்டும் பிடித்து வைக்கும்.

துளி விட்டபின் பெடலை இருபது சுற்று பின்னோக்கிச் சுற்றி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நுண்துளை ஈர்ப்பால் எண்ணெய் இடுக்குக்குள் ஏறும். காலையில் உலர்ந்த துணியால் செயினைப் பிடித்து, துணியில் கறை வருவது நிற்கும் வரை சுற்றித் துடைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வெளியில் நிற்கும் எண்ணெய்தான் நாளைய புழுதியை ஒட்டவைத்து உள்ளே அழைத்துப் போகிறது.

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாட்டிலில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மணலும் எஃகுப் பொடியும் அடியில் படியும். மேலே நிற்பது பழுப்பாக இருந்தாலும் அடுத்த முறைக்கு உதவும். வேறு பாட்டிலில் இறுத்துப் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.