உல்லம் ஆறு ஏறும் 22 நாள்: வங்கதேசத் தடையும் 25 கிலோ அரிசியும்

நம் கடற்கரையில் உல்லம் என்று சொல்லும் மீனைத்தான் வங்காளிகள் இலிஷ் என்கிறார்கள். முள் அதிகம், எண்ணெய் அதிகம், ருசி அதைவிட அதிகம். வங்கதேசத்துக்கு அது தேசிய மீன். 2017இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். அந்த மீனை ஆண்டுக்கு ஒருமுறை, 22 நாள், நாட்டில் எங்கேயும் யாரும் பிடிக்கக் கூடாது என்று அரசு தடை போடுகிறது. பிடிப்பது மட்டுமல்ல, ஏற்றிச் செல்வது, விற்பது, பதுக்கி வைப்பது எல்லாமே குற்றம். அந்த நாட்களில் தொழிலுக்குப் போகாமல் இருக்கும் மீனவக் குடும்பத்துக்கு 25 கிலோ அரிசி.

திட்டம் இவ்வளவுதான். ஆனால் 22 என்ற எண்ணும் 25 என்ற எண்ணும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். முதல் எண்ணுக்குப் பின்னால் மீனைப் பற்றிய பல வருட ஆராய்ச்சி இருக்கிறது. இரண்டாவதற்குப் பின்னால் அப்படி ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நிலா பார்த்துப் போடும் தடை

2024இல் தடை அக்டோபர் 13 தொடங்கி நவம்பர் 3 வரை. 2025இல் அக்டோபர் 4 முதல் 25 வரை. நம் ஊர்த் தடைக்காலம் ஏப்ரல் 15 என்றால் ஏப்ரல் 15தான். அங்கே தேதி வருடத்துக்கு வருடம் நகரும். காரணம் நிலா.

உல்லம் கடலில் வளரும் மீன். முட்டையிட மட்டும் நன்னீருக்கு வரும். கழிமுகத்தில் நுழைந்து, மேக்னா ஆற்றில் ஏறி, பத்மா ஆறு வரைக்கும் எதிர்நீரில் போகும். கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுக்க இந்த ஏற்றம் இருந்தாலும், சினை மீன் கூட்டமாகத் திரள்வது வங்காளிகளின் ஆஸ்வின் மாதப் பௌர்ணமியை ஒட்டித்தான். நம் கணக்கில் புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசி. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடலேற்றம் வலுவாக இருக்கும். அந்த இரண்டு சமயத்தையும் ஒட்டியே முட்டையிடுவது உச்சத்துக்குப் போகிறது. 2024இல் அந்தப் பௌர்ணமி அக்டோபர் 17, அடுத்த அமாவாசை நவம்பர் 1. தடைத் தேதிகளோடு சேர்த்துப் பாருங்கள்: பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னால் தொடங்கி, அமாவாசைக்கு இரண்டு நாள் பின்னால் முடிகிறது. ஒரு பௌர்ணமி, ஒரு அமாவாசை, இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதல் நாள். 22 அப்படி வந்ததுதான்.

எடுத்த எடுப்பிலேயே 22 வரவில்லை. முதலில் பத்து நாள்தான் இருந்தது. அப்புறம் 11 ஆனது, 2015இல் 15, 2016இலிருந்து 22. இப்படி நீண்டதற்கு ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை கேட்பதற்கு மிக எளிமையானது. சாந்த்பூரில் அந்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு ஆற்று நிலையம் உண்டு. தடைக்கு முன்பும், தடையின்போதும், தடை முடிந்த பிறகும் மீனை அறுத்துப் பார்ப்பார்கள். வயிறு நிறைய சினை இருக்கிறதா, கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறதா? தடை முடிந்த பிறகும் சினையோடு இருக்கும் மீன் நிறைய மாட்டினால், நாள் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஆற்றில் குஞ்சு எவ்வளவு தெரிகிறது என்றும் பார்ப்பார்கள். ஒரு பெரிய பெண் மீன் 20 லட்சம் முட்டை வரை இடும். கழிமுகத்தில் வலையை விரித்து வாயிலிலேயே அதைப் பிடித்துவிட்டால் போவது ஒரு மீன் மட்டுமல்ல.

குஞ்சுக்குத் தனிச் சட்டம்

முட்டை பொரித்த குஞ்சு உடனே கடலுக்கு ஓடிவிடுவதில்லை. ஐந்தாறு மாதம் ஆற்றிலேயே மேய்ந்து வளர்ந்த பிறகுதான் இறங்கும். அந்தச் சின்ன மீனுக்கு ஜாட்கா என்று பெயர். 25 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஜாட்கா; 2014க்கு முன் இந்த அளவு 23 செ.மீ. ஆக இருந்தது. நவம்பர் 1 முதல் ஜூன் 30 வரை எட்டு மாதம் ஜாட்கா பிடிக்கத் தடை. பெரிய மீன் பிடிக்கலாம், சின்னதைத் தொடக் கூடாது.

வலை ஆளைப் பார்த்துப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் வலைக்கும் விதி இருக்கிறது. தங்கூசி வலையை அங்கே 'கரண்ட் ஜால்' என்பார்கள். நீரில் இருப்பதே தெரியாத, மலிவான, கண் சிறிய அந்த வலை 2002இலிருந்து சட்டவிரோதம். ரோந்துப் படகு பிடித்தால் கரையில் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். இன்றும் கொளுத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பதிலிருந்து, இன்றும் அது தாராளமாகக் கிடைக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு மேல் ஆறு இடங்களைக் காப்பிடங்களாக அறிவித்திருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய ஏற்பாடு இது. சாந்த்பூர் ஷாட்னோல் முதல் லக்ஷ்மிப்பூர் சார் அலெக்ஸாண்டர் வரை மேக்னாவின் கீழ்ப்பகுதியில் 100 கி.மீ., போலா பக்கம் ஷாபாஸ்பூர் கால்வாயில் 90 கி.மீ., தேதுலியா ஆற்றில் இன்னொரு 100 கி.மீ. என்று, ஆறு இடங்களும் சேர்ந்தால் 430 கி.மீ.க்கு மேல். இவற்றில் ஐந்து இடங்களில் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் எந்த மீனுமே பிடிக்கக் கூடாது. பட்டுவாக்காலியில் இருக்கும் ஆந்தர்மானிக் ஆற்றில் மட்டும் அது நவம்பர் முதல் ஜனவரி வரை. குஞ்சு எந்தெந்த மாதம் எங்கே கூடுகிறது என்று பார்த்துப் பிரித்தது.

மீறினால்? 1950ஆம் வருட மீன் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்று முதல் இரண்டு ஆண்டு சிறை, அல்லது 5,000 டாக்கா (அந்நாட்டுப் பணம்) வரை அபராதம், அல்லது இரண்டும். நடமாடும் நீதிமன்றம் என்று ஒன்று உண்டு. மாஜிஸ்திரேட்டே ரோந்தோடு ஆற்றங்கரைக்கு வந்து, பிடித்த இடத்திலேயே விசாரித்துத் தண்டனை சொல்லிவிடுவார். மாட்டுவது பெரும்பாலும் சின்னப் படகுக்காரர்.

கடலுக்கு ஒரு தடை

ஆற்றுத் தடை தவிர, வங்காள விரிகுடாவில் அந்நாட்டுக்கு ஒரு கடல் தடையும் உண்டு. மே 20 முதல் ஜூலை 23 வரை 65 நாள் என்று இருந்தது. 2019இலிருந்து சின்னப் படகுகளுக்கும் அதை நீட்டினார்கள். அங்கேதான் சண்டை வந்தது. நம் கிழக்குக் கடற்கரைத் தடை ஜூன் 14 முடிந்துவிடும். அதன்பின் இந்தியப் படகுகள் கடலில் இறங்கும்போது வங்கதேசத்து மீனவர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "நாங்கள் வளர்த்த மீனை அவர்கள் அள்ளிப் போகிறார்கள்" என்ற அவர்களுடைய குறை நியாயமானதுதான். 2025இல் தடையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை 58 நாளாக மாற்றி, இந்தியத் தடையோடு பொருத்திவிட்டார்கள். மீனுக்கு எல்லை தெரியாது என்று எல்லோரும் பேசுவார்கள். நாள்காட்டியை ஒன்றாக்க ஆறு வருடம் ஆனது.

பலன் இருந்ததா?

2002-03இல் அந்நாட்டின் உல்ல உற்பத்தி 2 லட்சம் டன்னுக்குச் சற்றே குறைவு. 2022-23இல் 5.71 லட்சம் டன். இருபது வருடத்தில் இரண்டரை மடங்குக்கு மேல். இதில் தடைக்கு எவ்வளவு பங்கு, படகும் இயந்திரமும் கூடியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மொத்தப் புகழையும் தடைக்கே கொடுக்க நான் தயாரில்லை. அடுத்த வருடமே, 2023-24இல், உற்பத்தி 5.29 லட்சம் டன்னுக்கு இறங்கியது. தடை அப்படியேதான் இருந்தது. கழிமுகத்தில் மணல் மேடிட்டு மீன் ஏறும் வழி ஆழம் குறைகிறது, ஆற்றில் கழிவு கலக்கிறது. இதற்கெல்லாம் 22 நாளில் மருந்து கிடையாது.

வழியையே அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கங்கையும் காவிரியும் சாட்சி. உல்லம் ஒரு காலத்தில் கங்கை வழியே அலகாபாத், ஆக்ரா வரைக்கும் போனது. 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் மேலே மீன்பாடு சரிந்தது. நம் காவிரியிலும் உல்லம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை வந்தது. அணைகள் உல்லத்தை மறிப்பதை 1870களிலேயே பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் எழுதி வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை கொள்ளிடக் கரையில் சினையைப் பிழிந்து செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவும் முயன்றது. 1934இல் மேட்டூரும் வந்தது. இன்று காவிரிக் கரையில் உல்லக் குழம்பு வைத்த கதை சொல்லவும் ஆள் அரிது. வங்கதேசத்தின் அதிர்ஷ்டம், மேக்னாவின் வாயில் இன்னும் திறந்திருக்கிறது. அதனால்தான் அங்கே நாள் கணக்கில் போடும் தடைக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறது.

சரி, அரிசிக்கு வருவோம்

அரிசி வருவது வி.ஜி.எஃப். என்ற பொது உணவு உதவித் திட்டத்திலிருந்து. வருடத்தில் இரண்டு சமயங்களில் இது கிடைக்கும். ஜாட்கா பிடிப்பதை விட்டுவிடும் குடும்பத்துக்கு பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதம், மாதம் 40 கிலோ. பல சமயம் இரண்டு மாதத்துக்குரியது ஒன்றாக 80 கிலோவாக வரும். அக்டோபர் 22 நாளுக்குத் தனியாக 25 கிலோ. அது முன்பு 20 ஆக இருந்தது. 2025 அக்டோபர் தடைக்கு 6.2 லட்சம் குடும்பங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

25 கிலோவை 22 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஒரு கிலோ நூற்று சொச்சம் கிராம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தலைக்கு 230 கிராம் கூடத் தேறாது. பட்டினி கிடக்க மாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். பருப்பு? எண்ணெய்? பிள்ளைக்கு மருந்து? பணமாக எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் கடல் தடைக்காலத்துக்கு அரசு பணமாகவே, இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய், கொடுக்கிறது. 61 நாளுக்கு அது போதாது என்று நம்மவர்கள் சொல்வது வேறு கதை. ஆனால் பணமாக வந்தால் எது அவசரமோ அதற்குச் செலவழிக்கலாம்.

அரிசி வாங்க மீனவர் அடையாள அட்டை வேண்டும். மீன்துறை பதிவு செய்து தரும் அட்டை இது. அட்டை இருந்தாலே அரிசி வந்துவிடாது. உபஜிலா (நம் வட்டம் போன்றது) அளவில் ஒதுக்கீடு பிரிந்து, ஊராட்சிப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். ஒதுக்கீடு பத்து பேருக்கு, ஊரில் மீனவர் பதினைந்து பேர் என்றால் யாரை விடுவது? உள்ளூர்ச் செல்வாக்கு வேலை செய்வது அங்கேதான். மீன் பிடிக்காதவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, எடை குறைகிறது, தடை பாதி முடிந்த பிறகு மூட்டை வருகிறது என்பவை மீனவர்கள் வருடா வருடம் சொல்லும் குறைகள். அட்டை பெரும்பாலும் ஆண் பெயரில். வலை பின்னுபவரும் மீன் காய வைப்பவரும் பெண்ணாக இருந்தாலும் அவர் மீனவர் கணக்கில் வருவது அபூர்வம். 2014இலிருந்து சில வருடம் வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனமும் மீன்துறையும் சேர்ந்து நடத்திய ஈகோஃபிஷ் திட்டம் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கப் பார்த்தது. மீனவப் பெண்களுக்குச் சேமிப்புக் குழு அமைத்து, தடை மாதத்தில் வட்டிக்காரரிடம் போகாமல் குழுப் பணத்தில் கடன் எடுக்க வழி செய்தார்கள்.

கடன்தான் இங்கே முடிச்சு. அங்கே இதற்கு தாதன் என்று பெயர். மீன் மண்டி வைத்திருக்கும் ஆரத்தார் வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுப்பார். பதிலுக்குப் பிடிக்கும் மீனெல்லாம் அவர் மண்டிக்குத்தான் வர வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான், கமிஷனும் பிடித்துக்கொள்வார். இது போக வாரத் தவணைக் கடன் தனி. தவணை கேட்டு வருபவர் தடைக்காலம் என்று விடுவதில்லை. 22 நாளில் மூன்று வாரத் தவணை வந்துவிடும். அரிசியைத் தவணையாகக் கட்ட முடியாது. இரவில் தங்கூசி வலையோடு திருட்டுத்தனமாக இறங்குபவரைப் பிடித்துக் கேட்டால், பசி என்று சொல்வதைவிடத் தவணை என்று சொல்பவர்தான் அதிகமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

மீனவர் சங்கங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தடை தொடங்கும் முன்பே அரிசி கையில் வேண்டும். கூடவே கொஞ்சம் ரொக்கம். தடை நாட்களில் தவணை வசூலை நிறுத்த வேண்டும். நாள் எவ்வளவு என்பதை மீனின் வயிற்றைப் பார்த்து மூன்று முறை திருத்தியவர்களுக்கு, இதைக் கணக்குப் போடுவது முடியாதது அல்ல.

தடை முடியும் நாள் நள்ளிரவுக்கு மேக்னாக் கரையில் படகுகள் வரிசை கட்டி நிற்கும். டீசலும் ஐஸும் முன்கூட்டியே ஏறியிருக்கும். பாதிப் படகுகளில் அதற்கான பணமும் ஆரத்தார் கொடுத்ததாகத்தான் இருக்கும்.