சிறுநீரில் ‘உப்பு’: ஒரு புரதத்துக்கு வந்த தவறான பெயர்

கர்ப்பிணிகள் மாதப் பரிசோதனைக்குச் செல்லும் இடங்களில், “யூரின்ல உப்பு இருக்கும்மா, டாக்டரைப் பாத்துட்டுப் போங்க” என்ற சொற்களை அடிக்கடி கேட்கலாம். ஆய்வகச் சீட்டில் அதே இடத்தில் ‘ஆல்புமின்’ என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்றாலும், ஆல்புமின் உப்பு அன்று; அது ஒரு புரதம். இந்தச் சொல் மயக்கத்தின் விளைவு வீட்டுச் சமையலில் தெரிகிறது. அன்றே குழம்பில் உப்புக் குறைகிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் விலக்கப்படுகின்றன. உடனே பார்க்க வேண்டிய இரத்த அழுத்தமோ அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. இச்சொல்லைச் சரிசெய்வது அவசியம் என்று நான் கருதுவது இதனால்தான்.

‘ஆல்பஸ்’ என்றால் இலத்தீனில் வெண்மை. அதிலிருந்து பிறந்த ‘ஆல்பூமென்’ முட்டையின் வெள்ளைப் பகுதியைக் குறிக்கும். நாம் வெண்கரு என்பதும் அதையே. பச்சை முட்டையை உடைத்தால் நிறமற்றுக் கொழகொழவென்று இருக்கும் இப்பகுதி, சூடு பட்டதும் வெளுத்துத் திரண்டுவிடுகிறது. சிறுநீரில் கலந்திருக்கும் ஆல்புமினுக்கும் இதே இயல்பு உண்டு. இலண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அது வெண்கருவைப் போலத் திரள்வதைக் கண்டு 1827இல் எழுதினார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர், பேறுகாலத்தில் வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரிலும் ஆல்புமின் இருப்பதை 1843இல் பதிவு செய்தார். கர்ப்பிணிகளின் சிறுநீரை இன்றும் சோதிப்பதற்கான வேர் அங்கேதான் இருக்கிறது.

‘புரோட்டீன்’ என்ற பொதுப்பெயர் 1838இல் வந்தது. ‘முதன்மையானது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு, சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இப்பெயரை நெதர்லாந்தின் முல்டருக்குப் பரிந்துரைத்தார். தமிழில் அது ஓசை தழுவிப் ‘புரதம்’ ஆயிற்று. ஓசை வழி வந்ததாயினும் மகர ஈறு பெற்று, புரதத்தை, புரதங்கள் என உருபுகளையும் விகுதியையும் இயல்பாக ஏற்பதால், அதை மாற்ற வேண்டியதில்லை.

உப்பும் புரதமும் வேறு என்பதைப் பழைய ஆய்வக முறையே கண்ணெதிரில் காட்டிவிடும். சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, மேற்பகுதியை மட்டும் சூடாக்குவார்கள். மேலே வெண்மையாகக் கலங்கினால் அது பாஸ்பேட் உப்பாகவும் இருக்கலாம், ஆல்புமினாகவும் இருக்கலாம். அப்போது நீர்த்த அசெட்டிக் அமிலத்தைச் சில துளிகள் விடுவார்கள். உப்பானால் கரைந்து தெளிந்துவிடும். புரதமானால் கலங்கல் அப்படியே நிற்கும். உப்பை விலக்கிப் புரதத்தை உறுதிசெய்யும் சோதனைக்கே மக்கள் வழக்கில் உப்புப் பரிசோதனை என்று பெயர் அமைந்துவிட்டது! இப்போது பெரும்பாலும் சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டையே பயன்படுகிறது. அதன் மஞ்சள் கட்டம் பச்சையாக மாறும் அளவைக் கொண்டு 1+, 2+ என்று குறிக்கிறார்கள்.

இவ்வழக்கு வேரூன்றியதற்குத் தமிழின் ஓசை ஒற்றுமையும் துணை நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. சமையல் உப்பு ஒன்று; ‘முகம் உப்பியிருக்கிறது’ என்னும்போது வரும் உப்புதல் வேறொன்று. சிறுநீரில் ஆல்புமின் இழப்பவர்க்குக் கால் நீர் கோத்து, முகம் உப்பி வீங்குவது உண்டு. ‘உப்பு நீர்’ என்ற வழக்கில் இரண்டு பொருளும் கலந்து நிற்கின்றன.

அந்த வீக்கத்துக்கும் புரதத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குழாய்களுக்குள் இழுத்து வைத்திருக்கும் விசையில் பெரும்பங்கு ஆல்புமினுடையது. அது மிகுதியாகக் கழியும்போது நீர் திசுக்களுக்குள் கசிகிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் நலமாக இருக்கும்வரை இம்மூலக்கூறு பெரும்பாலும் வெளியேறுவதில்லை. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் நின்று, 24 மணிநேரச் சிறுநீரில் 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் புரதம் போனால், அது முன்சூல்வலிப்பு எனப்படும். சிறுநீர்த்தொற்றிலும் வெள்ளைப்படுதல் கலந்தாலும் பட்டை நிறம் மாறக்கூடும்; சிறுநீரில் புரதம் இல்லாமலேயே முன்சூல்வலிப்பு வருவதும் உண்டு. ஆகவே கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை தோன்றினால் சோதனைச் சீட்டு எப்படி இருந்தாலும் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

முன்சூல்வலிப்பில் வடிகட்டி ஏன் கசிகிறது என்பதிலும் ஒரு புரதமே மையமாக நிற்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சியும் அவருடைய பாஸ்டன் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, நஞ்சுக்கொடி ‘எஸ்-எஃப்எல்டி-1’ என்னும் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, அது இரத்தக் குழாய்களைப் பேணும் வளர்ச்சிப் புரதங்களைப் பிடித்துச் செயலற்றதாக்கிவிடுகிறது. சிறுநீரகம் கசிகிறது, அழுத்தம் ஏறுகிறது. நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டம் குறைந்தால் கருவின் வளர்ச்சியும் தடைப்படும்.

சிறுநீரில் புரதம் போகிறது என்றதும் முட்டையையும் பருப்பையும் நிறுத்துவோரும் உள்ளனர். மருத்துவர் தனியாகச் சொன்னாலன்றி அது தவறு. தாய் உண்ணும் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்தே நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. அவற்றைக் கொண்டு கரு தன் புரதங்களைத் தானே கட்டிக்கொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, நாளொன்றுக்கு நடு மூன்று மாதங்களில் 9.5 கிராமும் கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதல் புரதம் வேண்டும் என்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கும். முன்சூல்வலிப்பைத் தடுப்பதற்காக உணவில் உப்பைக் குறைக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் தெளிவாகவே கூறியது. நோய் முற்றி வலிப்பு வராமல் காக்கக் கொடுக்கும் மருந்தான மக்னீசியம் சல்பேட்டோ, வேதியியல் முறைப்படி ஓர் உப்பு.

இனித் தமிழில் எப்படி எழுதலாம்? ஆல்புமினுக்கு ‘வெண்புரதம்’ பொருந்தும். வெண்மையும் புரதமும் சொல்லிலேயே விளங்கும். சிறுநீரில் அது கழியும் நிலையைச் ‘சிறுநீர்ப் புரதம்’ எனலாம். ‘புரதநீர்’ என்பது குடிக்கும் பானம் போல ஒலிப்பதால் தவிர்க்கலாம். பேச்சில் இவ்வளவு செறிவும் வேண்டாம். “யூரின்ல புரதம் போகுதும்மா, பிரஷர் பாத்துட்டுப் போங்க” என்றாலே, அந்தப் பெண் உப்புச் சாடியை நினைக்கமாட்டாள். அடுத்த அறையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டுவாள்.