கத்தியால் வெட்டிச் சாப்பிடும் ஐஸ்கிரீம்

இஸ்தான்புல்லின் இஸ்திக்லால் தெருவில் ஐஸ்கிரீம்காரர் நீட்டிய கோனை என் மகள் ஆசையாகப் பிடித்தாள். கைக்கு வந்தது வெறும் கோன். ஐஸ்கிரீமோ அவருடைய நீண்ட கம்பியின் நுனியில் ஒட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு கோன்களில் வெளிக்கோனை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தார். அப்புறம் அந்தக் கட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. "ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுக்குதே!" என்றார் அம்மா.

அம்மா சொன்ன ஒப்புமை மிகச் சரி. இதற்குத் துருக்கியில் தொந்துர்மா என்று பெயர். 'உறையவைத்தது' என்பதுதான் பொருள். பேர்போன ஊர் கஹ்ராமன்மராஷ். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் உருக்குலைந்த அதே நகரம்தான். அங்கே ஆட்டுப்பாலில் செய்து, பாளம் பாளமாகத் தட்டில் வைத்துக் கத்தியும் முள்கரண்டியும் தருவார்கள்.

சாதாரண ஐஸ்கிரீம் ஏன் இப்படி நிற்பதில்லை? கடைகளில் விற்கும் பல ஐஸ்கிரீம்களில் கிட்டத்தட்ட பாதிக் கன அளவு காற்று. மீதியில் கொழுப்பும் சின்னச் சின்னப் பனிப்படிகங்களும், உறையாத சர்க்கரைப்பாகும் இருக்கின்றன. வெயில் பட்டால் படிகம் உருகும், காற்று வெளியேறும், முழுவதும் சரிந்துவிடும்.

தொந்துர்மாவில் இதைத் தடுப்பது சாலேப் என்ற பொடி. காட்டு ஆர்க்கிட் செடிகளின் கிழங்கை வேகவைத்து, உலர்த்தி, அரைத்து எடுப்பது. அதில் குளுக்கோமேனன் என்ற பொருள் நிறைய உண்டு. மேனோஸ், குளுக்கோஸ் என்ற இரு சர்க்கரைகளை மாலைபோல் கோத்த மிக நீண்ட சங்கிலி அது. சப்ஜா விதை தண்ணீரை இழுத்து உப்புவதுபோல், இந்தச் சங்கிலிகளும் பாலில் உள்ள நீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நீர் நினைத்தபடி நகர முடியாததால் பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாவதில்லை, நறநறப்பும் வருவதில்லை. உருக ஆரம்பித்தாலும் கூழ் போன்ற அந்தப் பின்னல் வடிவத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

பொடியைப் போட்டால் மட்டும் போதாது. கம்பியால் குத்தி, அடித்து, இழுத்துப் பிசைகிறார்கள். கடும் உழைப்பு அது. பிசையப் பிசையச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, காற்றும் அதிகம் தங்குவதில்லை. அதனால்தான் கட்டி அடர்த்தியாகி, கம்பியிலும் கோனிலும் விடாமல் ஒட்டுகிறது. பலர் கியோஸ் தீவில் விளையும் மேஸ்டிக் பிசினையும் சேர்ப்பார்கள். பிஸ்தாவுக்கு உறவான ஒரு புதர்மரத்தின் பிசின் அது. மெல்லும் தன்மையும், ஊசியிலை மரத்தை நினைவூட்டும் மெல்லிய வாசனையும் அதிலிருந்து வருகின்றன.

இதில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆர்க்கிட்டுக்கு இரண்டு கிழங்குகள். ஒன்று இந்த ஆண்டுப் பூவுக்கு உணவு கொடுத்துச் சுருங்கிவிடும். மற்றது அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு. சாலேப்புக்காகத் தோண்டுவது அந்தச் சேமிப்பைத்தான். 1 கிலோ பொடிக்கு 1000 கிழங்குகளுக்கு மேல் வேண்டும். லிட்டர் பாலுக்கு 10 கிராம் என்று வைத்தாலும் குறைந்தது 10 செடிகள். காட்டில் ஆர்க்கிட்டுகள் அருகிவருவதால் சாலேப் ஏற்றுமதியைத் துருக்கி தடைசெய்திருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று விற்பதும் இதே வகை ஆர்க்கிட் கிழங்குதான்.

விலை அதிகம் என்பதால் இப்போது பல இடங்களில் சாலேப்புக்குப் பதில் வேறு கெட்டிப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒன்று குவார் பிசின். அது வேறொன்றுமில்லை, நாம் பொரியல் செய்யும் கொத்தவரையின் முற்றிய விதையிலிருந்து எடுப்பது. அதன் சங்கிலிக்கும் முதுகெலும்பு மேனோஸ்தான். பக்கவாட்டில் கேலக்டோஸ் கிளைகள் மட்டும் கூடுதல். இதை அன்றிரவு அம்மாவிடம் சொன்னபோது நம்பவே இல்லை.