சிலிண்டரில் கேஸ் இருக்கும்போதே சிவப்பு காட்டுவது ஏன்?

கொலராடோவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கி, அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு மலைக்குப் போயிருக்கிறார். டிரெய்லரின் முன்பக்கத்தில் 30 பவுண்டு புரொபேன் சிலிண்டர்கள் இரண்டு, நடுவில், ஒன்று தீர்ந்தால் மற்றதற்குத் தானாக மாறிக்கொள்ளும் ரெகுலேட்டர். ராத்திரி வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், ஹீட்டருக்கு ஓய்வே இல்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், ரெகுலேட்டரின் சின்னக் கண்ணாடி பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருக்கிறது. முதல் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று கழற்றி நிரப்பக் கொண்டுபோனால், 7 கேலன் பிடிக்கும் சிலிண்டரில் 4 கேலன்தான் ஏறியதாம். "ரெகுலேட்டர் கெட்டுவிட்டதா, இல்லை கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

இரண்டும் இல்லை. ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சொல்லப்போனால், அந்த ராத்திரி அது செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

முதலில் பள்ளிக்கூடப் பாடம். புரொபேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதைச் சிலிண்டருக்குள் அடைத்தால் கொஞ்சம் ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தத்தாலேயே மீதி திரவமாக நிற்கும். திரவம் ஒரு சொட்டு மீதி இருக்கும்வரை மேலே உள்ள அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. எவ்வளவு மீதி இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 21 டிகிரியில் சுமார் 110 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கும். மைனஸ் 18-இல் அது 24 ஆகிவிடும், மைனஸ் 29-இல் வெறும் 11. ஆகவே சிலிண்டர் வாயில் மாட்டிக்கொள்ளச் சொல்லி விற்கிற அழுத்தமானி, 'கேஸ் எவ்வளவு இருக்கிறது' என்று காட்டுவதாகச் சொன்னாலும் உண்மையில் காட்டுவது அன்றைய குளிரைத்தான். திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகே அதன் முள் கேஸின் அளவைப் பற்றி ஏதாவது சொல்லும். அதற்குள் காபி பாதியில் நின்றிருக்கும்.

நம் ஊர்ச் சமையல் கேஸ் புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேனின் கொதிநிலை சுமார் மைனஸ் அரை டிகிரி. கொலராடோ குளிரில் அது ஆவியாகாமல் சிலிண்டரின் அடியில் அப்படியே உட்கார்ந்துவிடும். அமெரிக்காவில் டிரெய்லர்களுக்கு விற்கப்படும் கேஸில் குறைந்தது 90 சதவீதம் புரொபேன் இருப்பது இதனால்தான்.

இந்த எரிபொருளே ஒரு அரசு ஆராய்ச்சிக்கூடத்தின் கொடை. 1910-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங், பெட்ரோலிலிருந்து எது ஆவியாகி வீணாகிறது என்று தேடப் போனார். அந்த ஆவியில் புரொபேனும் பியூட்டேனும் இருப்பதைக் கண்டார், அவற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் வழியை உருவாக்கினார், 1913-இல் காப்புரிமையும் பெற்றார். 'இந்த ஆராய்ச்சியால் உடனடியாக என்ன லாபம்?' என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கும் இன்றைய நிதிக் குழுக்கள் அவருக்குப் பணம் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம்தான். சரி, அது வேறு கதை.

டிரெய்லரின் அடுப்பு, வெந்நீர்க் கருவி, ஹீட்டர், கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் வேண்டிய அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் (11 அங்குல உயரத் தண்ணீர் அடியில் தரும் அழுத்தம்) மட்டுமே. அதாவது சுமார் 0.4 பிஎஸ்ஐ, நம் வீட்டு ரெகுலேட்டர் கொடுப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கோடையில் 170 பிஎஸ்ஐயைத் தொடுகிற, குளிரில் இருபதுக்கு இறங்குகிற சிலிண்டரிலிருந்து, எப்போதும் மாறாத 0.4. இதை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். இரண்டாம் கட்டத்தைத் தாண்டிப் போய்விடலாம். கூத்தெல்லாம் முதல் கட்டத்தில்தான்.

எந்த கேஸ் ரெகுலேட்டரைத் திறந்தாலும் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். சவ்வின் மேல்பக்கம் ஒரு ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். கீழ்ப்பக்கம் அடுப்புக்குப் போகிற கேஸ். சவ்வோடு கோர்த்த ஒரு குட்டி நெம்புகோல், சிலிண்டரிலிருந்து கேஸ் வரும் துளையைத் திறந்து மூடும். அடுப்பைப் பற்றவைத்தால் கீழ்ப்பக்க அழுத்தம் குறைகிறது, ஸ்பிரிங் சவ்வை அழுத்துகிறது, துளை திறக்கிறது. அடுப்பை அணைத்தால் கீழே அழுத்தம் ஏறிச் சவ்வைத் தூக்குகிறது, துளை மூடிக்கொள்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கி வைக்கிறோமோ, அதுதான் ரெகுலேட்டர் விடாமல் காக்கும் அழுத்தம்.

இப்போது இதே மாதிரி இரண்டை எடுத்து, இடது சிலிண்டருக்கு ஒன்று, வலது சிலிண்டருக்கு ஒன்று என்று வைத்து, இரண்டும் ஒரே அறைக்குள் கேஸ் விடும்படி இணைத்துவிடுங்கள். ஒரு ஸ்பிரிங்கை 15 பிஎஸ்ஐக்கும் மற்றதை 10-க்கும் இறுக்குவோம். (தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் எண்கள் மாறும், வித்தியாசம் இருப்பதுதான் முக்கியம்.) இடது பக்கம் அறையை 15-இல் வைத்திருக்கும்வரை, வலது பக்கச் சவ்வு தனக்கு வேண்டிய 10-ஐவிட அதிகமாகவே அழுத்தத்தை உணர்கிறது. அதனால் தன் துளையை இறுக மூடிக்கொண்டு சும்மா இருக்கிறது. இடது சிலிண்டர் தளர்ந்து அறையின் அழுத்தம் 10-க்கு இறங்கும் கணத்தில், வலது சவ்வு கீழே வருகிறது, துளை திறக்கிறது. அடுப்பில் தீ அசைவதுகூட இல்லை, ஏனென்றால் இரண்டாம் கட்டத்துக்கு 15 வந்தாலும் 10 வந்தாலும் வெளியே விடுவது அதே 0.4தான்.

மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. இறுக்கம் வேறுபட்ட இரண்டு ஸ்பிரிங்குகள் மட்டும். மேலே இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் ஒரு குழாய் மூடி இன்னொன்று திறக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கைப்பிடி எதையும் மூடுவதில்லை. அது காட்டும் பக்கத்து ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கி, யார் முதல், யார் துணை என்பதை மாற்றுகிறது, அவ்வளவே. கண்ணாடியில் தெரியும் பச்சையும் சிவப்பும்கூட முதல் பக்கத்து அழுத்தம் இறங்கிவிட்டதா என்பதை மட்டும் சொல்பவை. சிலிண்டருக்குள் எத்தனை கிலோ இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இங்கேதான் அந்தக் குளிர் ராத்திரி வருகிறது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ, அதே காரணத்தால் கேஸ் எடுக்க எடுக்கச் சிலிண்டரும் குளிரும். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து இரும்புச் சுவர் வழியாகத்தான் வாங்க வேண்டும். டிரெய்லர் ஹீட்டர் மணிக்கு 30,000 பிடியூ (அமெரிக்காவில் வெப்பத்தை அளக்கும் அலகு) எரிப்பதாக வைத்துக்கொண்டால் செலவாகும் புரொபேன் சுமார் 0.6 கிலோ. அதை ஆவியாக்கச் சிலிண்டர் காற்றிலிருந்து உறிஞ்ச வேண்டிய வெப்பம் சுமார் 70 வாட். ஹீட்டர் பாதி நேரம் ஓடி பாதி நேரம் நின்றால் சராசரியாக 35 வாட்.

35 வாட் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் வெப்பம் திரவத்துக்குள் போவது, திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர்ப் பரப்பின் வழியாகத்தான். சிலிண்டர் நிறைந்திருந்தால் அந்தப் பரப்பு அதிகம். தோராயமாகக் கணக்குப் போட்டால், வெளிக்காற்றைவிட 10 டிகிரி குளிர்ந்தாலே 35 வாட் உள்ளே வந்துவிடும். 5 கிலோ மட்டும் மீதி இருந்தாலோ (வாசகரின் சிலிண்டரில் மிஞ்சியிருந்த 3 கேலன் ஏறக்குறைய இவ்வளவுதான்) 20 டிகிரிக்கு மேல் குளிர்ந்தால்தான் அதே வெப்பம் வரும். வெளியே மைனஸ் 10. நிறைந்த சிலிண்டர் மைனஸ் 20-இல் நிற்கும், அழுத்தம் இருபதைச் சுற்றி, கவலையில்லை. 5 கிலோ சிலிண்டர் மைனஸ் 30-ஐத் தாண்டும், அழுத்தம் பத்துக்குக் கீழே. சிவப்பு.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். முதல் சிலிண்டரின் அழுத்தம் 15-க்குக் கீழே வந்தவுடன் அது ஒரேயடியாகத் துண்டிக்கப்படுவதில்லை. அறை 10-இல் இருக்கும்போது அதனிடம் 12 இருந்தால் தன்னால் முடிந்ததை இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கும். குறைகிறதை மட்டும் துணைச் சிலிண்டர் ஈடுசெய்யும். சுமை குறைந்ததும் முதல் சிலிண்டர் மெல்ல வெப்பம் வாங்கித் தேறும், மறுபடி கொஞ்சம் கொடுக்கும். ராத்திரி முழுக்க இந்த இரண்டும் முறை வைத்து வேலை பார்த்திருக்கின்றன. கடைக்காரர் சொன்ன 4 கேலன் கணக்கு சரியானதுதான். கீழ்ப்பாதியில் மட்டும் உறைபனி படிந்திருந்தால் அதை அப்போதே பார்த்திருக்கலாம்: பனி எந்த உயரம்வரை படிந்திருக்கிறதோ, திரவம் அந்த உயரம்வரை இருக்கிறது.

அப்படியென்றால் இருப்பை எப்படித்தான் அறிவது? எடை போடுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் காலி எடை பொறிக்கப்பட்டிருக்கும், நம் ஊர் சிலிண்டரில் இருப்பது போலவே. பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசு போதும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் இடங்களில் 20 பவுண்டு சிலிண்டருக்குள் 15 பவுண்டு அளவே இருப்பது அங்கே வழக்கம். லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள்.

டிரெய்லர்காரர்களிடையே ஒரு பழைய வாதம் உண்டு: இரண்டு சிலிண்டர் வால்வுகளையும் திறந்து வைப்பதா, ஒன்றை மூடி வைப்பதா? இரண்டும் திறந்திருந்தால், சிவப்பைக் கவனிக்காதவர்களுக்கு ஒருநாள் இரண்டுமே தீர்ந்துபோகும். எங்காவது கசிந்தாலும் இரண்டுமே போகும். கோடையில் ஒன்றை மூடி வைப்பதே மேல் என்பது என் கட்சி. அடுப்பு அணைந்தால் எழுந்துபோய்த் திறந்துகொள்ளலாம். உறைகிற ராத்திரியில், குழந்தைகள் தூங்கும்போது, இரண்டையும் திறந்து வைத்துவிடுங்கள்.

மாற்றும்போது: கைப்பிடியை நிறைந்த பக்கம் திருப்பி, தீர்ந்த சிலிண்டரின் வால்வை மூடிவிட்டுக் கழற்றலாம். ரெகுலேட்டருக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் மறுபக்கத்துக் கேஸ் திறந்த குழாய் வழியே வெளியே வராது. புதிதை மாட்டியதும் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால், குழாய் அறுந்துவிட்டதாக நினைத்து இணைப்பிலுள்ள பாதுகாப்பு அமைப்பு கேஸைக் கிட்டத்தட்ட அடைத்துவிடும், தீ சோகையாக எரியும். நிறைய பேர் ரெகுலேட்டர் போச்சு என்று புதிது வாங்குவது இதற்காகத்தான். மூடி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப்போடுவது, வெந்நீர்த் தட்டில் உட்காரவைப்பது போன்ற வித்தைகள் நம் வீடுகளிலும் உண்டு, அங்கேயும் உண்டு. படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். வெளியே வந்தால் அது 270 மடங்கு பெருகும். கண்ணெதிரே நெருப்பை வைத்துக்கொண்டு செய்கிற காரியம் இல்லை இது. புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையில் தேங்கும். டிரெய்லரில் கேஸ் அலாரம் கணுக்கால் உயரத்தில் இருப்பது அதனால்தான்; அதன்மேல் செருப்பையும் பையையும் குவிக்காதீர்கள்.

வாசனைக்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன் புரொபேனைவிட மெதுவாக ஆவியாகும். அதனால் கடைசிக் கொஞ்சம் திரவத்தில் அது செறிந்துகிடக்கும், தீரப்போகும் சிலிண்டர் கூடுதலாக நாறும். அப்படித்தான் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு தடவையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.