ஒல்லியான பெண்ணுக்கும் நீர்க்கட்டி வரும்

"குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே டாக்டர் நீர்க்கட்டி வரும்?" குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிகாகோவில் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935இல் ஏழு பெண்களை வைத்து பிசிஓஎஸ் என்னும் இந்தச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறை விவரித்தார்கள். அதற்குப் பிறகும் பாடப்புத்தகங்களில் வெகுகாலம் பருமனான, முகத்தில் முடி வளர்ந்த மேற்கத்தியப் பெண்தான் இருந்தாள்.

ஆனால் இந்தக் கோளாறு எல்லா இனத்தாரிடமும் ஒரே மாதிரி தெரிவதில்லை. சீன, ஜப்பானியப் பெண்களுக்கு முகத்திலும் உடலிலும் முடி வளர்ச்சி குறைவு. முடியை மட்டும் பார்த்தால் அவர்களிடம் நோயே தெரியாது. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களிடம் ரத்த அழுத்தமும், ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பெண்களிடம் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாத நிலை) கூடுதலாகக் காணப்படுகின்றன. இதற்கெல்லாம் மரபணு மட்டுமே காரணமல்ல. சாப்பாடு, வேலை, மருத்துவ வசதி எல்லாம் சேர்ந்துதான்.

நம் கதை வேறு. இங்கிலாந்தில் பிசிஓஎஸ் உள்ள தெற்காசியப் பெண்களையும் வெள்ளையினப் பெண்களையும் ஒப்பிட்டு 2002இல் ஓர் ஆய்வு வந்தது. நம்மவர்களுக்குச் சிறுவயதிலேயே மாதவிலக்கு தள்ளிப்போகிறது, இன்சுலின் எதிர்ப்பும் அதிகம் என்றது அது. எடை கூடாமலே வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு. அதனால் எடைக்குறியீடு (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ) 25 வரை பரவாயில்லை என்ற கணக்கு இங்கே உதவாது. 23இலேயே கவனிக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தொட்டாலும் அப்படித்தான். டேப் வைத்து அளக்க அரை நிமிடம் போதும், ஆனாலும் பல இடங்களில் அளப்பதில்லை. கழுத்துக் கறுப்பை அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது பெரும்பாலும் இன்சுலின் செய்கிற வேலை.

சரி, சிகிச்சை? கருமுட்டை வெளிவர முதலில் தருவது லெட்ரோசோல் மாத்திரைதான். கருமுட்டை வளர ஹார்மோன் ஊசி தேவைப்பட்டால் குறைந்த அளவில் தொடங்குவது நல்லது. பிசிஓஎஸ் சினைப்பை ஊசிக்கு அளவுக்கு மீறி வீங்கக்கூடியது. கணவரின் விந்துப் பரிசோதனையையும் ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். மனைவிக்கு நீர்க்கட்டி என்று தெரிந்ததும் பல வீடுகளில் அது தள்ளிப்போகிறது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைக் கரு தங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், மாத்திரை தொடங்கும் முன்பே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.